அப்பாவுக்கு வந்த அப்ராக்ஸியா: கைக்குப் பலம் வந்த பிறகும் வேலை வராதபோது

பக்கவாதம் என்றால் கை கால் விழும், வாய் கோணும், பேச்சு குழறும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அப்பாவுக்கு மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்தபோது மூன்றுமே வந்தன. சில வாரங்களில் வலது கையில் பலம் திரும்பத் தொடங்கியது. பிசியோதெரபிஸ்ட் தன் இரண்டு விரல்களை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தால் இறுக்கிப் பிடித்தார். தோளுக்கு மேலே கை போனது. இனி கவலையில்லை என்று நினைத்த நேரத்தில்தான் வேறொன்று கண்ணில் படத் தொடங்கியது. பல் பிரஷ்ஷைக் கையில் கொடுத்தால் தலைக்குக் கொண்டுபோனார். சட்டையைக் கொடுத்தால் காலரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "தாத்தா, டாட்டா காட்டுங்க" என்று என் மகள் சொன்னால் கை பாதி தூரம் எழும்பும், விரல்கள் எதையோ தேடுவதுபோல மடங்கி விரியும், பிறகு கை இறங்கிவிடும்.

அப்பா தையல்காரர். மதுரை புது மண்டபத்தில் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுப் பல காலம் தைத்தவர். சித்திரைத் திருவிழா நெருங்கினால் கள்ளழகர் வேடம் போடுகிறவர்களுக்கான உடைகள் மலைபோல் குவியும். ராத்திரி பகல் பார்க்காமல் தைப்பார். அந்தக் கை ஒரு சட்டைப் பொத்தானுக்கு முன்னால் திகைத்து நின்றபோது, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மறதி வந்துவிட்டது என்றார்கள். பிடிவாதம் பிடிக்கிறார் என்றார்கள். பலம் பத்தவில்லை, ஆட்டுக்கால் சூப் கொடுங்கள் என்றார்கள். அப்பாவின் பிரச்சினை இதில் எதுவுமே இல்லை. அதற்கு அப்ராக்ஸியா என்று பெயர் என்பதை ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிறவர்) சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

அவர் அப்பாவின் தொழிலை வைத்தே எங்களுக்கு விளக்கினார். கடையில் துணி இருக்கிறது, கத்திரி இருக்கிறது, மெஷின் ஓடுகிறது, ஆனால் அளவு நோட்டைக் காணோம். அப்ராக்ஸியாவில் நடப்பது அதுதான். தசைக்குப் பலம் இருக்கிறது, தொட்டால் உணர்கிறது, சொன்னது புரிகிறது. ஆனால் எந்த மூட்டு முதலில் அசைய வேண்டும், விரல் எவ்வளவு திறக்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அடுத்து என்ன என்று ஓர் அசைவை வகுத்துக் கொடுக்கிற வேலை தடைபட்டுவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்த வேலையின் முக்கியமான பகுதி இடது மூளையில், காதுக்கு மேலே சற்றுப் பின்னால் உள்ள பெரைட்டல் பகுதியிலும், அதோடு இணைந்த முன்மூளைப் பகுதிகளிலும் நடக்கிறது. பேச்சுக்கான இடங்களும் பக்கத்திலேயே இருப்பதால், அப்ராக்ஸியா வந்தவர்கள் பலருக்கு அஃபேசியா என்கிற பேச்சுக் குறையும் சேர்ந்தே வரும். அப்பாவுக்கும் அப்படித்தான்.

இந்த இரண்டும் சேர்ந்து வருவதுதான் வீட்டில் இருப்பவர்களைக் குழப்பிவிடுகிறது. சொன்னதைச் செய்யவில்லை என்றால், சொன்னது புரியவில்லை என்றுதானே எடுத்துக்கொள்வோம்? தெரபிஸ்ட் இரண்டையும் பிரித்துப் பார்த்த விதம் எளிமையானது. மேஜையில் கத்திரி, சீப்பு, டம்ளர் மூன்றையும் வைத்தார். "துணி வெட்ட எது வேணும்?" என்று கேட்டார். அப்பா உடனே கத்திரியைத் தொட்டார். "தலை வாருறதுக்கு?" என்றதும் சீப்பைத் தொட்டார். எல்லாம் சரி. பிறகு சீப்பைக் கையில் கொடுத்து, "வாரிக் காட்டுங்க ஐயா" என்றார். அப்பா சீப்பின் பற்களை வெளிப்பக்கம் திருப்பிக் காதோரத்தில் தட்டினார். கேள்வி புரிந்தது, பொருள் தெரிந்தது, செய்கைதான் வரவில்லை. வீட்டில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். பதிலை வாயால் கேட்காதீர்கள், தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அதே சோதனையில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் வந்தது. பொருள் எதுவும் கொடுக்காமல் "பல் விளக்குற மாதிரி செஞ்சு காட்டுங்க" என்றபோது அப்பா ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டுத் தேய்த்தார். பிரஷ்ஷைப் பிடித்திருப்பதுபோல நடிக்காமல் விரலையே பிரஷ் ஆக்குவது அப்ராக்ஸியாவின் அடையாளங்களில் ஒன்று. ஆனால் அப்பா வாழ்நாளின் பெரும்பகுதி பல்பொடியை விரலால் தேய்த்தவர். அந்தத் தெரபிஸ்ட் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்துக் கத்திரியைக் கேட்டார். அப்பா இரண்டு விரல்களையே கத்திரியின் அலகுகளாக்கிக் காட்டினார். "விரலை வெட்டுற மாதிரி இல்லைங்க ஐயா, கத்திரியைப் பிடிச்சிருக்கிற மாதிரி" என்று திருத்திய பிறகும் அதே விரல்கள்தான் ஆடின. மற்றவர்கள் ஒருமுறை திருத்தினால் மாற்றிக்கொள்வார்கள். காலமெல்லாம் கத்திரி பிடித்தவரால் அது முடியவில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கையை அறியாமல் செய்கிற எந்தப் பரிசோதனையும் பாதிதான் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் சோதனைக்கு உட்காரும்போது, அவர் எதை எப்படிச் செய்து பழகியவர் என்று பக்கத்திலிருந்து எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த நோயைப் பற்றிப் படித்தபோது ஒரு பழைய நோயாளியின் கதை என்னை உலுக்கிவிட்டது. 1900-இல் ஹூகோ லீப்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 48 வயதான ஓர் அரசு அதிகாரியைப் பற்றி எழுதினார். சொன்ன எதையும் ஒழுங்காகச் செய்யாததால் அந்த அதிகாரிக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். லீப்மன் அவருடைய வலது கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, இடது கையால் செய்யச் சொன்னார். அதே மனிதர் அதே வேலைகளைச் சரியாகச் செய்தார். அறிவு அங்கேயே இருந்தது; வலது கைக்கு அதன் செய்தி போய்ச் சேரவில்லை. அப்பாவைப் பார்க்க வந்தவர்களில் அவர் முன்னாலேயே "சுத்தமா நெனவு தப்பிப்போச்சு போல" என்று பேசியவர்கள் உண்டு. அப்பாவுக்கு அந்தப் பேச்சு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவர் கண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

லீப்மனே சில ஆண்டுகள் கழித்து இன்னொன்றையும் கண்டுபிடித்தார். வலது பக்கம் விழுந்தவர்களில், அதாவது இடது மூளை அடிபட்டவர்களில், ஏறக்குறைய பாதிப்பேருக்கு, விழாத இடது கையிலும் இந்தத் தடுமாற்றம் இருந்தது. இடது பக்கம் விழுந்தவர்களின் நல்ல கையில் அது இல்லை. இரண்டு கைகளுக்கும் சேர்த்து அசைவை வகுப்பதில் இடது மூளைக்கே பெரும் பங்கு என்பது அப்படித்தான் தெரியவந்தது. வீட்டுக்கு இது ரொம்ப முக்கியமான செய்தி. "இடது கைதான் நல்லா இருக்கே, அதால செய்ங்க" என்று எல்லோரும் சொல்வோம். இடது மூளை அடிபட்டு அப்ராக்ஸியா வந்தவருக்கு அந்த நல்ல கையும் முழுக்க நல்ல கை இல்லை.

இனி, இந்த நோயின் மிக விசித்திரமான பக்கத்தைச் சொல்கிறேன். எங்களுக்குக் கிடைத்த வழி எல்லாமே அங்கிருந்துதான் வந்தது. தெரபிஸ்ட் "வணக்கம் வைங்க ஐயா" என்றால் அப்பாவால் இரு கைகளையும் சேர்க்க முடியாது. ஆட்டோவில் வரும்போது மீனாட்சியம்மன் கோவில் கோபுரம் தெரிந்தால் கைகள் தானாகக் குவியும். "நாக்கை நீட்டுங்க" என்றால் வாய் மட்டும் திறக்கும். உதட்டில் பாயசம் ஒட்டினால் நாக்கு தானாக வந்து துடைக்கும். இதைப் பார்த்துத்தான் பலர் நடிக்கிறார் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது நடிப்பு இல்லை. ஒருவர் சொல்லி, அதை மனதில் வாங்கி, வேண்டுமென்று செய்யும் அசைவுக்கும், சூழல் இழுத்துவிட்டு நடக்கும் அசைவுக்கும் மூளையில் வழிகள் ஒன்றில்லை. அப்ராக்ஸியாவில் முதல் வழிதான் அதிகம் கெடுகிறது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு எங்கள் வீட்டில் மாறியது ஒன்றுதான்: வாயால் ஏவுவதைக் குறைத்தோம், சூழலைக் கொண்டு செய்ய வைத்தோம். பல் விளக்கச் சொல்வதில்லை. காலையில் அதே நேரத்துக்கு, அதே வாஷ்பேசின் முன்னால், கண்ணாடியைப் பார்த்தபடி நிறுத்தி, பேஸ்ட் வைத்த பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிடுவோம். அம்மா பக்கத்தில் நின்று தன் பல்லை விளக்குவார். பல நாட்கள் அதுவே போதுமானதாக இருந்தது. போதாத நாட்களில், கையின் மேல் கை வைத்து முதல் இரண்டு இழுப்பை மட்டும் அம்மா செய்துகொடுப்பார். மீதியைக் கை எடுத்துக்கொள்ளும்.

சாப்பாட்டிலும் அதே கதைதான். ஆஸ்பத்திரியில் ஸ்பூன் கொடுத்தார்கள். அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்து, காம்பால் சோற்றைக் குத்தினார். வீட்டுக்கு வந்து அவருடைய தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்ததும் கையாலேயே சாப்பிட்டுவிட்டார். கையால் உண்பதில் கருவி இல்லை, பழக்கமும் ஆயுசுக்கு உண்டு. ஸ்பூன்தான் நாகரிகம் என்று யாராவது வற்புறுத்தினால் கேட்காதீர்கள். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: விழுங்குவதில் இருமல், புரையேறல் இருந்தால் அது வேறு பிரச்சினை. அதை ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் தனியாகக் காட்டியாக வேண்டும்.

சட்டை போடுவதுதான் ரொம்பப் பாடாய்ப் படுத்தியது. அதில் படிகள் அதிகம். எங்களுக்குக் கைகொடுத்த முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சட்டையை எப்போதும் கட்டிலில் ஒரே மாதிரி, உள்பக்கம் மேலாக, காலர் அவர் பக்கம் இருக்கும்படி விரித்து வைத்தோம். தளர்ந்திருந்த வலது கைக்குத்தான் முதல் சட்டைக்கை. வரிசை ஒரு நாளும் மாறாது. ஆரம்பத்தில் எல்லாப் படிகளையும் நாங்கள் கை கொடுத்துச் செய்துவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் அவரிடம் விட்டோம். அது வந்த பிறகு கடைசி இரண்டு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தோம். இதனால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்த ஆள் அப்பாவாகவே இருந்தார். தவறாகத் தொடங்கினால் "தப்பு" என்று சொல்லிக் காத்திருக்காமல், தவறு முழுசாவதற்குள் கையைத் தொட்டுத் திருப்பிவிடுவோம். தவறான அசைவும் செய்யச் செய்யப் பழகிவிடும் என்பதால்தான் தெரபிஸ்ட் அப்படிச் சொன்னார். பொத்தானிடும்போது பேச்சு கூடாது. டிவி அணைந்திருக்கும். அம்மா மட்டும் முதலில் "ஏங்க, அந்தக் கைய நீட்டுங்க, இப்பக் குனிங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவர். தெரபிஸ்ட் சொன்ன பிறகு தொடுவதோடு நிறுத்திக்கொண்டார். அதுவே பாதி நேரத்தை மிச்சப்படுத்தியது.

முந்தைய அசைவு ஒட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. பல் விளக்கிய கையோடு சீப்பைக் கொடுத்தால் சீப்பும் வாய்க்குப் போகும். ஒன்று முடிந்ததும் அந்தப் பொருளைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, உட்கார வைத்து, சிறிது இடைவெளி விட்டுத்தான் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் இருக்க வேண்டும்.

ஒரு வேலையைப் பழக்கினால் மற்றதெல்லாம் தானே வந்துவிடாதா என்று நான் தெரபிஸ்ட்டிடம் கேட்டேன். பெரும்பாலும் வராது என்றார். 1998-இல் ஜெர்மனியில் பணியாற்றிய கோல்டன்பெர்க், ஹாக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ரொட்டியில் மார்கரின் தடவுவது, டி-ஷர்ட் போடுவது போன்ற அன்றாட வேலைகளை அப்ராக்ஸியா நோயாளிகளுக்குப் பழக்கிப் பார்த்தார்கள். எதைப் பழக்கினார்களோ அது முன்னேறியது. பழக்காதது அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போய்த் தொடர்ந்து செய்தவர்களுக்குத்தான் அது நிலைத்தது. நெதர்லாந்தில் 113 பேரை வைத்துச் செய்து 2001-இல் வெளியான ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. குறையைச் சுற்றிப் போகும் உத்திகளைக் கற்றுக்கொடுத்த 8 வாரங்களில் அன்றாட வேலைகளில் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. 5 மாதம் கழித்துப் பார்த்தபோது வழக்கமான தெரபி மட்டும் பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. எனக்கு இது சோர்வு தரவில்லை, தெளிவைத்தான் தந்தது. ரப்பர் பந்தை அமுக்குவதிலும் கட்டைகளை அடுக்குவதிலும் நேரத்தைச் செலவழிப்பதைவிட, எந்த வேலை வேண்டுமோ அதையே, அது நடக்கிற இடத்திலேயே, அவருடைய சொந்தப் பொருளை வைத்தே பழக்க வேண்டும். வந்த பிறகும் விடக்கூடாது.

அப்படியானால் எதைப் பழக்குவது என்பதை யார் தீர்மானிப்பது? அப்பாதான். பல வேலைகளின் படங்களை முன்னால் பரப்பினோம். குளிப்பது, வேட்டி கட்டுவது, டீ ஆற்றுவது, போன் எடுப்பது எல்லாம் இருந்தன. அவர் தள்ளியவை பல. கையில் எடுத்தவை வேட்டியும் தையல் மெஷினும். மெஷின் என்றதும் எனக்குப் பயம் வந்தது. தெரபிஸ்ட் ஊசியைக் கழற்றிவிட்டு, மோட்டார் இல்லாத பழைய மிதி மெஷினில் உட்கார வைக்கச் சொன்னார். கால் மிதியில் பட்டதும் கை தானாகச் சக்கரத்துக்குப் போய் உருட்டியது. அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவே இல்லை. பாபின் மாட்டுவது, நூல் கோர்ப்பது இன்றுவரை வரவில்லை. அதை அம்மா செய்கிறார். ஊசி போட்டு நேர்த்தையல் போடுகிறார், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். தலையணை உறை, பழந்துணிப் பை போன்றவைதான். கத்திரி வேலை கிடையாது.

ஆபத்தானவற்றை ஒதுக்கி வைப்பதில் தயவு பார்க்கக்கூடாது. அப்ராக்ஸியா உள்ளவர் கத்தியைக் கூர்ப்பக்கத்தில் பிடிக்கலாம், கொதிக்கும் பாத்திரத்தைத் தவறான இடத்தில் தொடலாம். பிளேடு ரேசரை எடுத்துவிட்டு டிரிம்மர் வாங்கினோம். கேஸ் அடுப்பின் ரெகுலேட்டரை ஒவ்வொரு முறையும் மூடினோம். கீசர் தண்ணீரை வாளியில் கலந்து வைத்த பிறகுதான் குளிக்க உள்ளே விட்டோம். மாத்திரைப் பட்டையை அவர் கையில் கொடுக்காமல், பிரித்த மாத்திரையைக் கொடுத்தோம். கைலிக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த பைஜாமா எளிது என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வெல்க்ரோ ஒட்டும் வேட்டி கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கியதும் பிரச்சினை தீர்ந்தது.

அப்ராக்ஸியாவுக்கென்று மருந்து இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இவையெல்லாம் அடுத்த பக்கவாதத்தைத் தடுக்கத்தான்; அவற்றை ஒரு நாளும் விடக்கூடாது. முதல் சில மாதங்களில் பலருக்குத் தானாகவும் கொஞ்சம் குறைகிறது. களைப்பாக இருக்கும் நாளில் வந்த வேலையும் வராமல் போகும். அன்றைக்கு விட்டுவிடுவதே நல்லது. சோகம் தட்டிப்போய், எதையும் தொட விருப்பமில்லாமல் பல நாட்கள் உட்கார்ந்திருந்தால், அதை அப்ராக்ஸியாவின் கணக்கில் எழுதிவிடாமல் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு சகஜமாக வருவது, அதற்குச் சிகிச்சையும் உண்டு.

பக்கவாதமே வராமல், ஒரு கை மெல்ல மெல்ல விறைத்து, பொத்தானிடுவது, கையெழுத்துப் போடுவது மாதக் கணக்கில் கெட்டுக்கொண்டே போனால் தள்ளிப்போடாதீர்கள். கார்டிகோபேசல் டீஜெனரேஷன் என்கிற மூளைத் தேய்வு நோய் அப்படித் தொடங்கலாம். அல்சைமர் நோயிலும் அப்ராக்ஸியா வரும். நியூராலஜிஸ்ட்தான் பிரித்துச் சொல்ல முடியும். குழந்தைகளுக்குப் பேச்சில் மட்டும் வரும் அப்ராக்ஸியாவும், பிறந்ததிலிருந்தே அசைவில் தடுமாறும் டிஸ்பிராக்ஸியாவும் வேறு விஷயங்கள். அவற்றுக்கு இங்கே சொன்ன முறைகளை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

யாரிடம் போவது என்பதில்தான் பல குடும்பங்கள் வழி தவறுகின்றன. பிசியோதெரபி எல்லா ஊரிலும் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பதிந்துகொள்வார்கள். ஆனால் அப்ராக்ஸியாவை அன்றாட வேலை வழியாகப் பழக்குவதற்கென்றே படித்தவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் முன்பே "ஆக்குபேஷனல் தெரபிக்கு யாரைப் பார்க்கலாம், பேச்சுக்கு யாரைப் பார்க்கலாம்?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். மருத்துவச் சீட்டில் கை கால் பலம் "நார்மல்" என்று எழுதியிருந்தால் அதோடு திருப்திப்படாமல், சட்டை போட முடிகிறதா, பல் விளக்க முடிகிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். கட்டிலில் படுக்க வைத்துப் பலம் பார்க்கிற சோதனையில் அப்ராக்ஸியா தெரியாது.

முதல்முறை தெரபிஸ்ட்டிடம் போகும்போது போனில் சிறு வீடியோக்கள் எடுத்துக்கொண்டு போங்கள். சொல்லிச் செய்யச் சொன்னபோது வராத ஒரு வேலை, தானாக வந்த ஒரு வேலை, இரண்டும் அதில் இருக்கட்டும். எடுக்கும் முன் அவரிடம் காட்டி, எடுக்கலாமா என்று கேளுங்கள். எங்கள் அப்பா தலையாட்டிய பிறகுதான் எடுத்தோம்.